ஒரு டன் கடலைத் தாங்கும் மரம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் இருக்கிறது சென்னீர்குப்பம். பெயரில் குப்பம் இருந்தாலும் மெரினா அலை இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே அடிக்கிறது. அந்தக் கடலில் ஒரு பிடியை இங்கே ஒரு வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சென்னைக்கு இது புது ஆசையும் அல்ல. 1909-லேயே மெரினாவில் கடல் மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. ஆசைப்படுகிறவர்கள் மீனையும் விளக்கையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். தொட்டியைச் சுமக்கப்போகும் மர ஸ்டாண்டு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்த ஸ்டாண்டுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை 680 லிட்டர் பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு கரைந்திருப்பதால் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 700 கிலோ. அதில் 24 கிலோ வெறும் உப்பு. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோ. மணலும் கல்லும் ஒரு 80 கிலோ. (கல் என்றால் வெறும் கல்தான். கடலிலிருந்து பவளத்தை எடுப்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.) ஆக 900 கிலோ. ஒரு மாருதி ஆல்டோ காரைவிடக் கனம். வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரவிதி வைத்திருக்கும் சுமைக்கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். நம் தொட்டி உட்காரும் இடமோ 1.1 சதுர மீட்டர். தரைத்தளம் நல்லது. மாடி என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

இத்தனை கனத்தை மரம் தாங்குமா? நன்றாக உலர்ந்த தேக்கை அதன் நாரோட்டத்தின் திசையில் நசுக்க, சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். நாலுக்கு ரெண்டு கட்டையின் வெட்டுமுகம் 50 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒற்றைக் காலை நசுக்கவே சுமார் 20 டன் தேவை. நான்கு கால் வைத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் விழுவது 225 கிலோ.

இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? நுண்ணோக்கியில் பார்த்தால், கெட்டியாகத் தெரியும் கட்டை ஒரே திசையில் அடுக்கிய நுண்குழல்களின் கட்டாகத் தெரியும். செல்லுலோஸ் இழைகள் குழல்களின் சுவருக்கு விறைப்பைத் தருகின்றன. லிக்னின் அவற்றைப் பசைபோல் பிணைக்கிறது. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராக்களை ஒரு கட்டாகக் கட்டி நிமிர்த்தி வைத்தால் மேலே புத்தகம் அடுக்கலாம். படுக்கப் போட்டு அழுத்தினால் சப்பையாகிவிடும். காட்டில் தன் கனத்தையும் காற்றையும் தாங்கி மரம் எப்படி நின்றதோ, அதே வாக்கில் ஸ்டாண்டின் காலும் நிற்க வேண்டும்.

ஆகவே கால் முறியாது. கவலை, மேலே படுத்திருக்கும் சட்டத்தைப் பற்றித்தான். கடல் தொட்டிக்குக் கீழே வடிகட்டித் தொட்டி ஒன்று வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப்போல அதற்கும் சம்ப் என்றே பெயர். அது உள்ளே நுழைய வேண்டுமென்று முன்பக்கத்து நடுக்காலை எடுத்துவிடுவார்கள். இப்போது 6 அடிச் சட்டம் பாதிச் சுமையான 450 கிலோவைத் தனியே ஏந்துகிறது. நாலுக்கு ரெண்டு தேக்கை அகலப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்தால், நடுவில் 3 சென்டிமீட்டர் தொய்யும். அதையே ஒருக்களித்து, 4 அங்குலமும் உயரமாக நிற்கும்படி வைத்தால் 8 மில்லிமீட்டர். உயரத்தை 8 அங்குலமாக்கினால் வெறும் 1 மில்லிமீட்டர். சட்டத்தின் உயரம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. நடுக்காலைத் திரும்ப வைத்துவிட்டால் நாலு அங்குலச் சட்டமே போதும். தொய்வு அரை மில்லிமீட்டர், அதாவது பதினாறில் ஒரு பங்கு. பக்கங்களை மூடும் முன்பே சம்ப்பைப் பக்கவாட்டிலிருந்து நுழைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் நடுக்காலைத்தான் தேர்ந்தெடுப்பேன். புத்தக அலமாரிப் பலகை வருஷம் போகப் போக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; ஓயாத சுமையில் மரம் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. விரிசல்தான் விடும்.

இன்னொரு ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது. வத்திப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சரிந்து மடங்கிவிடும். நான்கு கால், நான்கு சட்டம் மட்டுமுள்ள ஸ்டாண்டும் அப்படித்தான். குழந்தை ஓடிவந்து மோதினால் தண்ணீர் ஆடும், ஆட்டம் சட்டத்துக்கு வரும். முதுகுப்புறத்திலும் இரு பக்கங்களிலும் ப்ளைவுட் அறைந்துவிட்டால் சதுரம் சரிய வழியில்லை. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கப்படும் ஐஎஸ் 710 தர மெரைன் ப்ளைவுட்டையே வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உப்பு தன் வேலையைத் தொடங்கும். தெறித்த துளி காய்ந்து விளிம்பில் உப்புப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மரம் உலரவே உலராது. சுமையைத் தாங்கும் குழல்களின் ஊடே, அதே திசையில், மரம் உயிரோடிருந்தபோது தண்ணீர் குடித்த குழல்களும் ஓடுகின்றன. அவற்றின் வாய் காலின் அடியில் திறந்திருக்கிறது. தரை துடைக்கும் ஈரத்தைக்கூட உறிஞ்சும். எனவே முதலில் எபாக்சி பூச வேண்டிய இடம் வெட்டுமுகம்தான். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள எண்ணெய்ப்பசை ஈரத்தையும் கரையானையும் தள்ளிவைக்கும். இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும். சாதாரண எவர்சில்வரிலும் கடலுப்பு குழி பறிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும்.

அதைவிடவும் நல்லது, சுமையை ஸ்க்ரூவிடம் கொடுக்காமல் இருப்பது. கோயில் தேர் செய்கிறவர்கள் ஒரு கட்டையில் காடி வெட்டி அடுத்ததை அதற்குள் உட்காரவைப்பார்கள். காலின் தலையில் காடி வெட்டிச் சட்டத்தை அமர்த்தச் சொன்னால் எந்த ஆசாரிக்கும் புரியும். கனம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கும். ஸ்க்ரூ விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

வேலை முடிந்ததும் ஸ்டாண்டின்மேல் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை ஏற்றி, வெறும் தண்ணீரால் கால் பங்கு நிரப்பி, நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு பாதி, பிறகு முழுக்க. முழுத் தொட்டி ஒரு வாரம் அப்படியே நிற்கட்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் தண்ணீரை வடித்துவிட்டுக் கட்டையைச் சரிசெய்யுங்கள். உப்பு கலப்பதும் மீன் வாங்குவதும் அதற்கப்புறம் இருக்கட்டும்.