தேய்ந்த காசைத் தேய்க்காதீர்கள்!

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பச்சை பிடித்த செப்புக்காசு ஒன்று கிடைக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? குத்துவிளக்கு துலக்குவது போல் புளி போட்டுத் தேய்க்கிறோம். காசு பளபளக்கும். ஆனால் அது எந்த நாட்டுக் காசு என்று சொல்லும் சாட்சி அந்தப் பச்சையோடு போய்விடும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார வீடுகளில் தமிழகம், இலங்கை ஆகிய இரு நாட்டு வழியினரும் வாழ்வதால், இந்த எச்சரிக்கை இங்கே மிகவும் தேவை.

985 முதல் 1014 வரை ஆண்ட இராசராச சோழனின் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் மனிதன். மறுபக்கம் அமர்ந்த மனிதன், அருகில் நாகரி எழுத்தில் மன்னன் பெயர். இதே அமைப்பைப் பின்னாளில் இலங்கை மன்னர்களும் எடுத்துக்கொண்டனர். 12ஆம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகு காசிலும் அதே உருவங்கள்தான், பெயர்தான் வேறு. உருவம் தடித்த கோடு, எளிதில் அழியாது. எழுத்து மெல்லிய கோடு, முதலில் அழிவது அதுதான். எழுத்து போனால் சோழ நாடா, இலங்கையா என்று பிரிப்பது கடினம்.

சின்னத்தை மட்டும் நம்பவும் முடியாது. மீன் பாண்டியருடையது, புலி சோழருடையது, வில் சேரருடையது என்பது பொது விதி. ஆனால் பிற்காலச் சோழர் காசுகளில் மூன்றும் சேர்ந்தே வரும்.

எழுத்தின் மதிப்புக்கு நல்ல சான்று 'பெருவழுதி' காசு. சங்க மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் ஒரு காலத்தில் இருந்தது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் ஒரு பழைய செப்புக்காசில் குதிரை உருவத்தின் மேலே தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். மறுபக்கம் மீன் சின்னம். வழுதி என்பது பாண்டியர் பட்டப்பெயர். அந்தச் சில எழுத்துகள் ஐயத்தைத் தீர்த்தன.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? காசின் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து இரு புறமும் படம் எடுங்கள். சாய்ந்த ஒளியில் மங்கிய எழுத்தும் நிழல் காட்டும். நகைக்கடைத் தராசில் எடை பார்த்து, அகலத்தை அளந்து, யாரிடமிருந்து வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பிறகு நாணயம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

மலேசிய மண்ணில் தோண்டி எடுத்த காசானால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிப்பது கடமை.

பளபளப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். அழிந்த எழுத்து திரும்பி வராது.