மனநலச் சிகிச்சை இடைவெளியும் கொடை நிதியும்: சென்னைத் தொண்டமைப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மனநோய் உடையோருள் பெரும்பான்மையோர் உரிய சிகிச்சை பெறாத நிலை இந்தியாவில் நீடிக்கிறது. இவ்விடைவெளியைக் குறைப்பதில் அரசுக்கு அடுத்த நிலையில் அறக்கட்டளைகளும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இடம்பெறுகின்றன. கொடையின் அளவைக் காட்டிலும் அது எதற்காக, எவ்வளவு காலத்திற்கு வழங்கப்படுகிறது என்பதே சிகிச்சை கிட்டுவதைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சென்னையில் செயற்படும் தொண்டமைப்புகளின் பட்டறிவைச் சான்றாகக் கொண்டு இக்கருதுகோள் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்

மனநலம், சிகிச்சை இடைவெளி, கொடை நிதி, தொண்டமைப்புகள், மறுவாழ்வு, சென்னை.

முன்னுரை

சென்னையில் மனநோயாளர்க்கான நிறுவனப் பராமரிப்பு 1794 இல் தொடங்கிற்று. அக்காப்பகம் 1871 இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்து இன்றளவும் செயற்பட்டு வருகிறது. இரு நூற்றாண்டுகளைக் கடந்த இம்மரபு இருந்தும், 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நிகழ்ந்த தீவிபத்தைத் தவிர்க்க இயலவில்லை. கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் அதில் உயிரிழந்தனர். அருகில் உரிய சிகிச்சை கிடைக்காதபோது குடும்பங்கள் கிடைத்த இடத்தை நாடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. எனவே சிகிச்சை இருப்பது வேறு, அது கிட்டுவது வேறு என்னும் வேறுபாட்டிலிருந்தே இப்பொருளை அணுக வேண்டியுள்ளது.

சிகிச்சை இடைவெளியின் இயல்பு

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16), வயதுவந்தோருள் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர் மனநலச் சிக்கல் உடையவர்கள் என்று கண்டறிந்தது. நோயின் வகைக்கேற்பச் சிகிச்சை இடைவெளி 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையோ ஓர் இலட்சம் மக்களுக்கு ஒருவர் என்னும் அளவைக்கூட எட்டவில்லை.

அக்கணக்கெடுப்பு சுட்டிய மற்றொரு செய்தி கொடையாளர் கவனத்திற்குரியது. சிகிச்சைக்கும் அதற்கான பயணத்திற்குமாக ஒரு குடும்பம் மாதந்தோறும் 1000 முதல் 1500 ரூபாய் வரை செலவிட வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனையில் மருந்து விலையின்றிக் கிடைத்தாலும் பேருந்துக் கட்டணம், உடன் செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலி, நெடுநேரக் காத்திருப்பு ஆகியவை சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் செய்கின்றன. இத்தடைகள் எவையும் புதிய கட்டடத்தால் நீங்குபவை அல்ல.

சென்னைத் தொண்டமைப்புகளின் பட்டறிவு

அடையாற்றில் அமைந்துள்ள தன்னார்வ மருத்துவ சேவை மருத்துவமனை, மருத்துவர் கே.எஸ்.சஞ்சீவியின் முயற்சியால் 1958 இல் நிறுவப்பெற்ற அமைப்பின்கீழ் இயங்குகிறது. குடும்பத்தின் வருவாய்க்கேற்ப ஆண்டுச் சந்தா பெற்று மருத்துவம் அளிக்கும் முறையை அது வகுத்தது. பயன்பெறுவோரின் பங்களிப்பும் கொடையும் இணைந்து மருத்துவத்தைத் தாங்க இயலும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

அதே அடையாற்றுப் பகுதியில், இந்திரா நகரில், டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை செயற்படுகிறது. தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் இதனைத் தொடங்கினார். குடிப்பழக்கம் ஒழுக்கக்கேடாக மட்டுமே கருதப்பட்ட காலத்தில், அதனை நோயாகக் கொண்டு நோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் ஒருசேரச் சிகிச்சை அளித்த முன்னோடி அமைப்பு இது. நோயாளர் சென்னைக்கு வருவதை எதிர்பார்த்திராமல் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் அமைத்துச் சிகிச்சை வழங்கியமை இதன் தனிச்சிறப்பு. சமூகம் பேசத் தயங்கும் ஒரு நோய்க்கு அரசு நிதி வருமுன் குடும்பக் கொடை வழிதிறக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சிநேகா, மருத்துவர் லட்சுமி விஜயகுமாரால் 1986 இல் தொடங்கப்பெற்றது. பயிற்சிபெற்ற தன்னார்வலர்கள் தற்கொலை எண்ணத்தால் துன்புறுவோரின் பேச்சைக் கட்டணமின்றியும் மறைகாப்புடனும் செவிமடுக்கின்றனர். ஊதியமற்ற தொண்டே இதன் முதுகெலும்பு. ஆயினும் தேர்வு, பயிற்சி, மேற்பார்வை, தொலைபேசி, வாடகை ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படுகிறது. தடுக்கப்பட்ட ஓர் இறப்பைப் படம்பிடித்து ஆண்டறிக்கையில் இட இயலாது என்பதே இத்தகைய பணிக்கு நிதி திரட்டுவதில் உள்ள அடிப்படை இடர்ப்பாடு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லிகளைப் பொதுக் காப்பறையில் பூட்டி வைக்கும் முறையைச் சிநேகாவின் ஆய்வாளர்கள் ஒப்பீட்டு ஊர்களுடன் சேர்த்து ஆராய்ந்தனர். 2013 இல் வெளியான அவ்வாய்வு, காப்பறை அமைந்த ஊர்களில் இவ்வகை இறப்புகள் குறைந்தமையைப் பதிவு செய்தது. மதிப்பீட்டிற்கு ஒதுக்கப்படும் நிதி வீண்செலவு அன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984 இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை (ஸ்கார்ஃப்) தோற்றுவித்தார். நோய்க்குறிகள் தணிந்த பின்னரும் வேலை, உறவு, அன்றாட வாழ்வு ஆகியவற்றுக்குத் துணை தேவை என்னும் புரிதலே இதன் அடித்தளம். வெல்கம் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் கோவா, சாத்தாரா, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வில் இந்நிறுவனமும் பங்கேற்றது. மனச்சிதைவுடைய 282 பேரை உட்படுத்திய அவ்வாய்வின் முடிவுகள் 2014 இல் வெளியாயின. மருத்துவமனைச் சிகிச்சையுடன், பயிற்சிபெற்ற சமூகப் பணியாளர் வீடுதேடிச் செல்லும் முறையும் சேர்ந்தபோது நோயாளரின் இயலாமை ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. முன்னேற்றம் மிதமானதே. எனினும், மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள சூழலில் உள்ளூர்ப் பணியாளரைக் கொண்டு பராமரிப்பை விரிவாக்க இயலும் என்பதற்கு அது வலுவான சான்று.

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் 1993 இல் தொடங்கிய தி பேனியன், வீடற்ற மனநோயுற்ற பெண்களை மையப்படுத்தியது. குணமடைந்தும் திரும்பிச் செல்ல இல்லம் இல்லாதோர் காப்பகத்திலேயே தங்கிவிடும் சிக்கலுக்கு விடையாக 2015 இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தை அது தொடங்கியது. இதன்படி சிலர் ஒன்றுசேர்ந்து, துணைப் பணியாளரின் உதவியுடன், சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். கனடாவைச் சேர்ந்த கிராண்ட் சேலஞ்சஸ் அமைப்பின் நிதி இம்முயற்சிக்குத் துணைநின்றது. உலக நலவாழ்வு அமைப்பு 2021 இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இத்திட்டம் நற்செயல்முறைகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. தோல்வியடையவும் கூடும் ஒரு முயற்சியைக் கொடை நிதி முதலில் தாங்கியதால் கிடைத்த பயன் இது.

நிதி விதிகளும் நோயின் காலமும்

நிறுவனங்கள் சட்டம் 2013 இன் 135 ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்பை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடப் பணிக்கிறது. மருத்துவநலம் அதன் ஏழாம் அட்டவணையில் உள்ளமையால் மனநலப் பணிக்குத் தடையில்லை. ஆனால் தொடர்திட்டம் ஒன்று, தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. மனச்சிதைவோ பல பதிற்றாண்டுகள் தொடரக்கூடியது. திட்டம் முடிந்த நாளில் மருந்தும் பணியாளரும் ஒருங்கே நின்றுவிட்டால், பெற்ற முன்னேற்றமும் கைநழுவும்.

நிருவாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதியும் பலவேளைகளில் பிறழ உணரப்படுகிறது. அவ்வரம்பு கொடை வழங்கும் நிறுவனத்தின் பொதுநிருவாகச் செலவைக் குறிப்பது. களப்பணியாளரின் ஊதியத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. மனநலச் சேவையில் ஆளே கருவி என்பதால், ஊதியத்தை நிருவாகச் செலவாகக் கருதி வெட்டுவது சேவையையே வெட்டுவதாகும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020 இல் செய்யப்பெற்ற திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றுவதைத் தடைசெய்தது. இதனால் பெரிய அமைப்புகளின் வழியாக வெளிநாட்டு நிதி பெற்றுவந்த சிறிய அமைப்புகளுக்கு உள்நாட்டுக் கொடையின் தேவை மேலும் கூடியுள்ளது.

கொடையாளர் மேற்கொள்ளத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகளைப் பெறலாம். முதலாவது, காலம். ஓராண்டுக் கொடைக்கு மாற்றாகப் பல்லாண்டு உறுதியும், திட்டம் நிறைவுறும்போது பொறுப்பை யார் ஏற்பர் என்னும் முன்னேற்பாடும் தேவை. இரண்டாவது, செலவினம். பணியாளர் ஊதியம், பயிற்சி, மேற்பார்வை, நோயாளரின் பயணச்செலவு ஆகியவை திட்ட மதிப்பீட்டில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். மூன்றாவது, அளவீடு. முகாமுக்கு வந்தோரின் எண்ணிக்கையைவிட, ஓராண்டுக்குப் பின்னரும் சிகிச்சையில் தொடர்வோர், வேலைக்குத் திரும்பியோர் ஆகியோரின் எண்ணிக்கையே பொருளுடையது. நான்காவது, அரசுடன் இணைப்பு. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே கிடைக்கும் மருந்துக்கு மீண்டும் செலவிடாமல், அத்திட்டம் எட்டாத வீட்டுச் சந்திப்பு, தங்குமிடம், தொழிற்பயிற்சி ஆகியவற்றைக் கொடை நிதி நிரப்பலாம்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். கொடை பெருகினால் அரசு தன் கடமையிலிருந்து விலகாதா என்பதே அது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இன் 18 ஆம் பிரிவு, மனநலச் சேவை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. துணையுடன் வாழும் தங்குமிடங்களும் அப்பிரிவில் குறிக்கப்பெற்றுள்ளன. ஆகவே கொடை நிதி உரிமைக்கு மாற்றாகாது. அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு நிறைவேறும் என்பதைச் செய்துகாட்டி, அரசு ஏற்கத்தக்க வடிவில் அளிப்பதே அதன் எல்லையும் சிறப்பும் ஆகும்.

முடிவுரை

சந்தா முறை, குடும்ப அறக்கட்டளை, தன்னார்வத் தொண்டு, ஆய்வு நிதி, புத்தாக்க நிதி எனக் கொடையின் பல வடிவங்களையும் சென்னை கண்டுள்ளது. கட்டடத்தை நோக்காமல் மனிதரையும் காலத்தையும் நோக்கி நிதி செலுத்தப்பட்ட இடங்களில் சிகிச்சை மக்களை நெருங்கியிருப்பதை இவற்றின்வழி அறியமுடிகிறது. மாதந்தோறும் மருந்துக்காகப் பேருந்தேறும் ஒரு தாய், அடுத்த மாதமும் அப்பயணத்தை மேற்கொள்ள இயலுமா என்பதே கொடையின் பயனை அளக்கும் அளவுகோலாக அமைதல் வேண்டும். தனித்தனி அமைப்புகளின் நிதிக்காலத்தையும் நோயாளர் சிகிச்சையில் தொடர்வதையும் ஒப்பிடும் கள ஆய்வுகள் இத்துறையில் மேற்கொள்ளப்படின், இங்கு வகுக்கப்பெற்ற நெறிகள் மேலும் தெளிவுபெறும்.