கல்லும் கம்பியும் – 14: ஒரு கிலோ சர்க்கரை

1938-ல் பம்பாயில் கடை விரித்து, டென்மார்க்கின் பால்பண்ணை இயந்திரங்களுக்கு ஏஜென்ட்டாக இருந்த ஹோல்க்-லார்சன், டூப்ரோ என்ற இருவரின் கதையையும், அவர்கள் கம்பெனியைப் பிடிக்க அம்பானியும் பிர்லாவும் வந்து போன கதையையும் சொல்லியாயிற்று. விட்டுப்போனவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

கட்டுமானச் சந்தையில் லார்சன் அண்டு டூப்ரோவின் இடம் என்ன, போட்டிக்கு யார் யார் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் சர்க்கரை வந்துவிட்டது. அதற்கு முன்னால், வாக்குக் கொடுத்த எண்களைக் கொடுத்துவிடுகிறேன்.

2025 மார்ச் முடிவில் இந்தக் குழுமத்தின் கையில் இருந்த ஆர்டர்களின் மதிப்பு சுமார் 5 லட்சத்து 79 ஆயிரம் கோடி ரூபாய். தமிழ்நாட்டு அரசின் ஓராண்டு பட்ஜெட்டை விடப் பெரிய தொகை இது. இதில் 46 சதவீதம் வெளிநாட்டு வேலைகள், அதிலும் வளைகுடா நாடுகளுக்குத்தான் பெரும்பங்கு. அந்த நிதியாண்டின் வருமானம் 2 லட்சத்து 55 ஆயிரம் கோடிக்குச் சற்று மேல். கட்டுமானப் பிரிவின் தலைமையகம் நம் மணப்பாக்கத்தில் இருக்கிறது. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகும் வளாகம்தான்.

போட்டிக்கு ஓர் உதாரணம் போதும். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பாதையில் குஜராத்துக்குள் வரும் 237 கிலோமீட்டருக்கு 2020-ல் டெண்டர் திறந்தபோது மூன்று தரப்புகள் இருந்தன. ஆஃப்கான்ஸ், இர்கான், ஜே.எம்.சி. ஆகிய மூவரும் ஓர் அணி. டாடா புராஜெக்ட்ஸ், என்.சி.சி., ஜே.குமார், எச்.எஸ்.ஆர். ஆகிய நால்வரும் இன்னோர் அணி. எல் அண்டு டி தனியாக வந்து, 24,985 கோடிக்குக் கேட்டு வேலையை எடுத்தது. அடுத்து வடோதரா–அகமதாபாத் 88 கிலோமீட்டர், பிறகு 2023-ல் மகாராஷ்டிரப் பக்கம் 135 கிலோமீட்டர். மொத்தப் பாதை 508. அதில் 460 கிலோமீட்டர் ஒரே கையில். மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து வரும் இடத்துக்கு ஒருவன் தனியாக வருகிறான் என்றால், அவனிடம் பணத்தைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தேடிப்போனபோதுதான் சர்க்கரையில் கால் வைத்தேன்.

சிமென்ட்டில் தண்ணீர் பட்ட கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சாதாரண போர்ட்லண்டு சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை, ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. ஜல்லி ஆறு மாதம் குவிந்து கிடக்கலாம், கம்பி ஒரு மழைக்காலம் கூடத் தாங்கும். ஆனால் இவையெல்லாம் சேர்ந்து கான்கிரீட் ஆகிவிட்டால், அது பாலைப் போலக் கெடும் சரக்கு. பால் இயந்திரம் விற்றுத் தொடங்கிய கம்பெனிக்கு இது வாய்த்திருக்கிறது பாருங்கள்.

இந்தக் கடிகாரத்தை நிறுத்தும் பொருள் நம் சமையலறையில் இருக்கிறது. சிமென்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை சேர்த்தால் இறுகுவது சுமார் நான்கு மணி நேரம் தள்ளிப்போகும். 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம். ஒரு சதவீதம் சேர்த்தால் இறுகுவதே ஏறக்குறைய நின்றுவிடும். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன்: ஒரு டிரான்ஸிட் மிக்ஸர் லாரியில் 6 கனமீட்டர் கான்கிரீட், கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்று வைத்தால் 2,400 கிலோ. அதற்கு ஒரு கிலோ இருநூறு கிராம் சர்க்கரை. ரேஷன் கடையில் வாங்கும் அளவு. அது ஒரு லாரிச் சரக்கை ஒரு பிற்பகல் முழுவதும் இறுகாமல் வைத்திருக்கும்!

குன்றத்தூர் பக்கம் ஒரு டீக்கடையில் மிக்ஸர் லாரி ஓட்டும் இளைஞர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "உண்மையா தம்பி?" என்றேன். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க, சீட்டுக்குப் பின்னாடி எப்பவும் ரெண்டு கிலோ கெடக்கும். டிராஃபிக்ல மாட்டி உள்ள கட்டியாயிருச்சுன்னா டிரம்முக்குள்ள ஆள எறக்கி பிரேக்கர் வெச்சு ஒடைக்கணும். அந்தச் சத்தத்துல ரெண்டு நாளைக்குக் காது கேக்காது சார்" என்றார். சர்க்கரை போட்ட சரக்கு வேலைக்கு ஆகாது, கொட்டத்தான் வேண்டும். காப்பாற்றுவது டிரம்மைத்தான். அவர் டீயில் சர்க்கரை போடாமல் குடித்தது தற்செயல் என்றே நினைக்கிறேன்.

"பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அன்றே கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்துக் கட்டினார்கள்" என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட வேண்டாம். அது சுண்ணாம்புக் காரை, அதன் வேதியியலே வேறு. ஆனால் இன்று கான்கிரீட்டில் சேர்க்கும் தாமதப்படுத்திகளில் முக்கியமான ஒன்று சோடியம் குளுக்கோனேட். குளுக்கோஸிலிருந்து செய்வது. இன்னொன்று காகித ஆலைக் கூழின் மிச்சத்திலிருந்து வருவது. அந்த டிரைவரின் இரண்டு கிலோவும் ஆய்வகத்து டப்பாவும் ஒரே குடும்பம்தான்.

இப்போது கம்பெனிக்கு வருகிறேன். இந்தக் குழுமம் எதை விற்றது, எதை வைத்துக்கொண்டது என்று பாருங்கள். ஒரு காலத்தில் சிமென்ட் தயாரிப்பில் நாட்டின் பெரும்புள்ளிகளில் ஒன்று எல் அண்டு டி. 2004-ல் சிமென்ட் பிரிவு பிரிந்து பிர்லா கைக்குப் போனது. அதுதான் இன்றைய அல்ட்ராடெக். பிறகு ரெடிமிக்ஸ் கான்கிரீட் தொழில்: 2008-ல் 1,480 கோடிக்கு பிரெஞ்சு நாட்டு லஃபார்ஜுக்கு விற்றார்கள். லஃபார்ஜின் இந்தியத் தொழிலை 2016-ல் வாங்கியது யார் தெரியுமா? நிர்மா. சலவைத் தூள் நிர்மாவேதான். வெள்ளைப் பாவாடை சுழலும் அந்த விளம்பரத்துக்குச் சொந்தக்காரர்களின் கையில் போய்ச் சேர்ந்தது, லார்சன், டூப்ரோ பெயரில் கலந்த கான்கிரீட்.

இன்னொரு சுற்று. தாழையூத்து சங்கர் நகரில் 1949-லிருந்து புகை விட்ட இந்தியா சிமென்ட்ஸ் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசமானது. ஆக, எல் அண்டு டி பெற்றுத் தத்துக் கொடுத்த பிள்ளை திருநெல்வேலிச் சிமென்ட்டுக்கு முதலாளி. தாய்வீடு இப்போது சந்தையில் நின்று சிமென்ட் வாங்குகிறது.

சிமென்ட் விற்கும் தொழிலும் போயிற்று, கான்கிரீட் விற்கும் தொழிலும் போயிற்று. போகாதது வேலை நடக்கும் இடத்திலேயே கலந்து, அங்கேயே வார்த்து, அங்கேயே தூக்கி வைக்கும் ஏற்பாடு. அந்த 30 நிமிடத்தை அடுத்தவன் கையில் கொடுக்கவில்லை. தனியாக டெண்டருக்கு வரும் தைரியம் இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

புல்லட் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு 40 மீட்டர். அந்த 40 மீட்டர் கர்டரைத் துண்டு துண்டாகக் கோக்காமல் ஒரே பெட்டியாக, நடுவில் மூட்டே இல்லாமல் வார்க்கிறார்கள். ஒரு கர்டருக்கு 390 கனமீட்டர் கான்கிரீட், 42 டன் கம்பி. எடை 970 டன். நம் மிக்ஸர் லாரிக் கணக்கில் 65 நடை, அதுவும் இடைவெளி விடாமல். ஒரு நடை இறுகுவதற்குள் அடுத்த நடை விழுந்தாக வேண்டும். நகரத்திலிருந்து வாங்கி வந்து செய்கிற காரியமா இது? அதனால் வார்ப்புக் கூடத்தையே பாதையோரம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். காஸ்டிங் யார்டு என்பது அதன் பெயர். பேட்சிங் பிளான்ட், கம்பி கட்டும் இடம், அச்சு, அடுக்கி வைக்கும் திடல் எல்லாம் உள்ளேயே. மொத்தத் திட்டத்துக்கு இப்படி 27 யார்டுகள்.

970 டன்னைத் தாங்கும் சாலை கிடையாது. கர்டரைத் தூக்கி, ஏற்கெனவே வைத்து முடித்த கர்டர்களின் முதுகின் மேலேயே வண்டியில் உருட்டிக்கொண்டு போய், முனையில் நிற்கும் இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். அது அடுத்த இரண்டு தூண்களுக்கு நடுவில் இறக்கி வைக்கிறது. கட்டி முடித்த பாலமே அடுத்த பாலத்துக்குச் சாலை. துண்டுகளைக் கோக்கும் முறையை விட இது பத்து மடங்கு வரை வேகம் என்பது திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனத்தின் கணக்கு. 2025 மே மாதம் 300 கிலோமீட்டர் மேம்பாலம் முடிந்தபோது அதில் 257 கிலோமீட்டர் இந்த முறையில் போட்டது.

இதில் ஒரு பொறியும் உண்டு. வழியில் ஒரே ஒரு வயல்காரர் நிலம் கொடுக்கவில்லை, ஒரு தூண் எழும்பவில்லை என்றால், பின்னால் வரிசையாக நிற்கும் யார்டு, வண்டி, இயந்திரம் அத்தனையும் சும்மா நிற்கும். துண்டு முறையில் அந்த இடத்தைத் தாண்டிப் போய் வேறிடத்தில் வேலை பார்க்கலாம். இங்கே தாண்ட முடியாது. வேகத்துக்குக் கொடுக்கும் விலை இது. மகாராஷ்டிரப் பக்கம் நிலம் கிடைக்கத் தாமதமானதை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தூக்கும் வண்டிகள் எங்கே செய்தவை? காஞ்சிபுரத்தில், எல் அண்டு டி ஆலையில். 1,100 டன் தூக்கும் அந்த இயந்திரத்தை 2021 செப்டம்பரில் வெளியிட்டபோது 55 சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் அதற்குப் பாகம் செய்து கொடுத்ததாகச் சொன்னார்கள். கொண்டாட வேண்டிய எண்தான். ஆனால் இந்தத் தொழிலில் பெரியவர், சிறியவர் என்று யாருக்குச் சரக்குக் கொடுத்தாலும் பட்டறைக்காரர்களின் பேச்சு கடைசியில் பில்லில்தான் வந்து நிற்கும். அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை உரிமையாளர், தான் வேலை செய்து கொடுத்த ஒரு கம்பெனியில் நிறுத்தி வைத்த ரிடென்ஷன் தொகை, மகள் கல்யாணத்துக்கு வரும் என்று நினைத்தது, பேத்தி காதுகுத்துக்குத்தான் வந்தது என்பார். மிகைப்படுத்துகிறார். ரொம்ப மிகைப்படுத்தவில்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. 2024 ஏப்ரல் முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. சிமென்ட்டுக்கு 30 நிமிடக் கெடுவைக் காப்பாற்றத் தெரிந்த துறைக்கு 45 நாள் கெடு ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு இதுவரை யாரும் எனக்கு நேரான பதில் சொல்லவில்லை.

கம்பி விலை ஏறினால் யார் தலையில் விழும், வளைகுடா ஒப்பந்தங்களில் லாபம் ஏன் மெலிகிறது என்பதெல்லாம் மிச்சம் இருக்கிறது. பக்கம் முடிந்துவிட்டது, ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

ஆனால் அடுத்த வாரம் அதுவும் இல்லை, ஆட்கள். 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த சி.ஐ.ஐ. மாநாட்டில் குழுமத் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், தங்களுக்கு 4 லட்சம் தொழிலாளர்கள் வேண்டும், ஆனால் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது என்றார். அரசு நலத்திட்டங்களால் தொழிலாளர்கள் ஊரை விட்டு வரத் தயங்குகிறார்கள் என்றும் சொன்னார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நான் நம்பவில்லை. காஸ்டிங் யார்டிலோ மெட்ரோ வேலையிலோ கம்பி கட்டிய, சென்ட்ரிங் அடித்த, மேஸ்திரியாக இருந்த வாசகர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். ஏன் போனீர்கள், ஏன் திரும்பினீர்கள், எவ்வளவு கூலி, கையில் எவ்வளவு வந்தது என்று மட்டும் எழுதினால் போதும். பெயர் போட மாட்டேன்.