பதில் வந்தால்தான் பேச்சு

தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு மணியார்டர் அனுப்பிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பணம் கட்டியதோடு கவலை தீராது. ஊரில் அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ரசீது திரும்பி வந்த பிறகுதான் நிம்மதி. அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு. மின்னணுக் கருவிகளுக்கும் இதுவே விதி.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றியவன். அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்துச் செய்தி சொன்னால், அங்கிருப்பவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடிக்க வேண்டும். அதன் பிறகே செய்தி சேர்ந்ததாகக் கொள்வோம்.

மாதுங்கா, செம்பூர் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் லேமிங்டன் ரோட்டில் மைக்ரோகன்ட்ரோலரும் சென்சாரும் வாங்கிவந்து புராஜெக்ட் செய்கிறார்கள். அவற்றில் பல, பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய 'ஐ-ஸ்கொயர்-சி' முறையில் பேசுபவை. இரண்டே கம்பிகள், ஒன்றில் செய்தி, மற்றதில் கடிகாரத் துடிப்பு. எட்டு பிட்டுகளை அனுப்பியதும் அனுப்பும் கருவி செய்திக் கம்பியை விட்டுவிடும். ஒன்பதாவது துடிப்பில் பெறும் கருவி அக்கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்க வேண்டும். அதுதான் 'அக்னாலெட்ஜ்', அதாவது ஒப்புகை.

ஏன் தாழ்நிலை? யாரும் இழுக்காவிட்டால் ஒரு ரெசிஸ்டர் கம்பியை உயர்நிலையில் வைத்திருக்கும். ஆகவே கருவி பழுதானாலும், முகவரி தவறினாலும், மௌனம் 'இல்லை' என்றே படிக்கப்படும். பழைய கைகாட்டி மரத்திலும் கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' நிலைக்குத் திரும்பும்.

பலர் புரோகிராமில் இந்தப் பதிலைப் பார்ப்பதே இல்லை. பதில் தராத சென்சாரைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகி, 255 என்ற எண் வரும். திரை அதையே ஓர் அளவாகக் காட்டும். மருந்துக் குளிர்பெட்டியில் அப்படியொரு கருவி இருந்தால் என்னாகும்?

இன்னும் சில செய்திகள். ஒப்புகை வந்தால் பைட் சேர்ந்தது என்றுதான் பொருள். உள்ளடக்கம் சரி என்று பொருளல்ல. ஒப்புகை வராததெல்லாம் பழுதுமல்ல. நினைவகச் சில்லு எழுதிக்கொண்டிருக்கும் சில மில்லி விநாடிகள் பதில் தராது. சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கலாம். 'யுஆர்ட்' என்னும் சீரியல் முறையிலோ ஒப்புகையே கிடையாது; புரோகிராம் எழுதுபவரே அதற்கு வழிசெய்ய வேண்டும்.

பிள்ளைகளே, ஒவ்வொரு முறையும் பதிலைப் பாருங்கள். வராவிட்டால் சில தடவை முயலுங்கள். அப்போதும் வராவிட்டால், பொய்யான எண்ணைக் காட்டாமல் 'பழுது' என்று திரையில் காட்டச் செய்யுங்கள்.