கிழத்தி என்னும் சொல்லும் இரண்டாம் காதலும்

காதலர் இருவரைச் சூழ ஓர் ஆபத்தை நிறுத்தி, அவர்கள் சேர்வார்களா என்ற ஏக்கத்தோடு பிழைப்பார்களா என்ற பதைப்பையும் எழுப்பும் கதைவகையைக் காதல் மர்மக் கதை எனலாம். துணையை இழந்தோ பிரிந்தோ தனியே பிள்ளை வளர்ப்பவர் அதன் நாயகராகும்போது, பிள்ளையின் பாதுகாப்பும் பந்தயத்தில் வைக்கப்படுவதால் அந்தப் பதைப்பு இரட்டிப்பாகிறது. கௌதம் மேனன் இயக்கிய ‘வேட்டையாடு விளையாடு’ (2006), ‘என்னை அறிந்தால்’ (2015) ஆகிய இரு படங்களிலும் மணமுறிவுக்குப் பின் மகளோடு வாழும் பெண்ணைத் தேடி ஒரு காவல் அதிகாரியின் காதல் வருகிறது. அதைக் குலைக்கும் ஆபத்தோ கொலையாளிகளின் உருவில் வெளியிலிருந்து வருகிறது.

அந்த ஆபத்து வெளியாரிடம் இல்லை, மிக நெருங்கியவர்களிடமே இருக்கிறது என்று காட்டியவர், விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம். 2015இல் வெளிவந்த அவரது ‘எங் கதெ’ ஒரு நெடுங்கதை, அதாவது சிறுகதையினும் நீண்டு நாவலினும் சுருங்கிய வடிவம். கணவனை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளுடன், பள்ளியொன்றில் எழுத்தர் வேலைக்கு வரும் கமலாவிடம், படித்தும் வேலை கிடைக்காத விநாயகம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஆண்டுக்கணக்கில் நீளும் அந்த உறவில் வேறொரு ஆண் குறுக்கிடுவதாக அறிந்ததும், அவளைக் கொன்றுவிடும் முடிவோடு புறப்படுகிறான்.

கதை முழுவதும் விநாயகத்தின் வாய்மொழியாக, விருத்தாசலப் பகுதியின் பேச்சு வழக்கிலேயே ஓடுகிறது. கமலாவின் மனத்துக்குள் அவனால் நுழைய முடியாததால் வாசகராலும் நுழைய முடிவதில்லை. அவள் எதை நினைக்கிறாள் என்பதே கடைசிவரை அவிழாத மர்மமாக நிற்கிறது. ‘என் கதை’ என்பதன் பேச்சு வடிவமான தலைப்பிலும் அவள் வாழ்க்கையைத் தன் கதைக்குள் அடக்கிவிடத் துடிக்கும் உரிமைக்குரல் கேட்கிறது. இறுதியில் அவன் கொல்லாமல் திரும்பும்போது, அந்த உரிமை தனக்கு இல்லை என்பதை ஒருவாறு ஒப்புக்கொள்கிறான்.

1999இல் வெளிவந்த ‘ஆறுமுகம்’ நாவலில் இதே நெருக்கடியைப் பிள்ளையின் கண்வழியே இமையம் முன்னரே எழுதியிருந்தார். கைம்பெண்ணான தாயை வேறோர் ஆணுடன் காணும் சிறுவன் வீட்டை விட்டே ஓடிவிடுகிறான். தாய்க்கும் ஓர் ஆசை இருக்கக்கூடும் என்று யாரும் சொல்லித் தராத வீட்டில், அவனது ஓட்டத்தைப் பிஞ்சு மனத்தின் குற்றம் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

சட்டத்தின் கதவு 1856ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டத்தாலேயே திறக்கப்பட்டுவிட்டது. தமிழக அரசும் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான திட்டத்தின்வழி, மறுமணம் செய்துகொள்ளும் கைம்பெண்களுக்கு நிதியுதவியும் தாலிக்குத் தங்கமும் வழங்குகிறது. ஆயினும் ஊர் வாயையும் உற்றவரின் உடைமையுணர்வையும் எந்தச் சட்டமும் எட்டுவதில்லை. இமையத்தின் கதைகள் நிற்கும் இடமும் அதுவே.

முதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தின் கோயில் கதையொன்று இங்கே பொருந்துகிறது. சிவனடியாரான குரு நமசிவாயர் அம்மனைக் கிழத்தி என்று பாடி உணவு கேட்க, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அவள் கேட்டதாகவும், அவர் மாற்றிப் பாடியதும் இளமைக் கோலத்தில் பாலாம்பிகையாக வந்ததாகவும் தலபுராணம் சொல்லும். ஆனால் தொல்காப்பியத்தில் கிழத்தி என்பவள் முதியவள் அல்லள்; உரிமை உடையவள், காதலின் தலைவி. பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பழைய பொருளைத் திருப்பித் தருவதே, அதாவது அவள் வாழ்க்கைக்கு அவளே உரியவள் என்று ஏற்பதே, இரண்டாம் காதலைச் சூழ்ந்த அச்சத்தைப் போக்கும் வழி.