உப்பை மறந்த சொகுசு

மோட்டார் கண்காட்சி மேடைகளில் சுழலும் சொகுசு ஹைபிரிட் கிராஸ்ஓவர் மாதிரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுவது ஒரே கேள்விதான். இந்த வண்டியைத் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்?

2013-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அப்படி ஒரு மாதிரி மேடையேறியது. ஒரே உலோகக் கட்டியைச் செதுக்கி எடுத்தது போன்ற உடல், கத்தி முனை போன்ற மடிப்புகள், சக்கரங்களுக்கு மேலே புடைத்து நிற்கும் தோள்கள். அடுத்த ஆண்டே அது விற்பனைக்கான காராக மாறியது. அதற்குப் பின் வந்த மாதிரிகளும் அந்த வழியில்தான் போகின்றன. கூரை முழுக்கக் கண்ணாடி, உடலோடு ஒட்டி உள்ளே பதுங்கும் கதவுக் கைப்பிடி, 20 அங்குலத்தைத் தாண்டும் சக்கரம், பால் வெள்ளைத் தோல் இருக்கை. கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமில்லை. களிமண்ணில் முழு அளவு வடிவம் செய்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வளைவிலும் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்து இழைக்கிறார்கள். நிழலுக்குக் காட்டும் அந்த அக்கறையில் பாதியையாவது உப்புக்குக் காட்டியிருக்கலாம்.

நம் ராமேஸ்வரம் பக்கத்துக்கு வருவோம். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி 2017 வரை தார்ச்சாலை கிடையாது. தனுஷ்கோடி போக வேண்டுமென்றால் வேன்தான். மணலிலும் முழங்கால் அளவு கடல் நீரிலும் உருண்டு போன அந்த வேன்களை எந்த ஓவியரும் வரைந்து உருவாக்கவில்லை. ஓட்டியவர்களும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து உருவாக்கியவை. தேவையில்லாத தகரம் ஒன்றும் இருக்காது. துரு தின்றதை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கலாம். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டதும், பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் சொந்தக் காரிலேயே முனைவரை போகத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் ஆண்கடல் என்று நாம் சொல்லும் சீறும் கடல், மறுபக்கம் பெண்கடல் என்னும் அமைதியான கடல். ஆண்கடல் சீறும் நாட்களில் தூவானம் சாலையைத் தாண்டிக் காரின் மேல் விழும். அங்கு நிற்கும் வண்டி எதுவும் இரு கடல்களின் உப்பையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறது.

இந்த உப்பின் குணம் தெரிய வேண்டுமானால் பாம்பனைப் பார்த்தால் போதும். உலகிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடி பாம்பனைச் சொல்வது வழக்கம். 1914-ல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் வடிவமைப்பைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இரும்பின் மேல் துத்தநாகம், அதன்மேல் எபாக்ஸி, அதற்கும் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு. இணைப்புகளை முழுக்க வெல்டிங்கில் முடித்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தின் வடிவமைப்பு உப்பிலிருந்து தொடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே, 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் போகும் அரைக்கோடி ரூபாய்க் காரின் வடிவமைப்பு முகப்பு விளக்கிலிருந்து தொடங்கியிருக்கிறது.

பெட்ரோல் கார் துருப்பிடித்தால் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று சமாளிக்கலாம். பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட்டில் அது நடக்காது. கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 மாடலாக வந்த ஒரு ஹைபிரிட் கிராஸ்ஓவரில் பின்மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் உயர் மின்னழுத்தக் கேபிள் காரின் அடிவயிற்றில் ஓடியது. பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு, சக்கரம் வாரி இறைத்த தண்ணீரோடு அதன் இணைப்புக்குள் புகுந்து உலோகத்தை அரித்துவிட்டது. கேபிளை மொத்தமாக மாற்றச் சொன்னார்கள், செலவு ஆயிரக்கணக்கான டாலர். உரிமையாளர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் உத்தரவாதத்தை நீட்டினார்கள். அங்கே உப்பு குளிர்கால மாதங்களில் மட்டும்தான். நமக்கோ பன்னிரண்டு மாதமும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானாகவே ஈரம் இழுத்துக் கசியும். ராமேஸ்வரத்தில் அதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை, ராத்திரி வந்தால் போதும்.

விடுதி வாசலில் இரவு முழுக்க நின்ற காரின் சக்கர இடுக்கில் காலையில் குனிந்து பாருங்கள். பிரேக் டிஸ்க் முழுவதும் செம்மண் நிறத்தில் ஒரு படலம். சாதாரணக் காரில் நாலு முறை பிரேக் அழுத்தினால் தேய்ந்து போய்விடும். ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, அந்த ஆற்றலை மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. பிரேக் பேடுக்கு வேலை குறைவு, அதனால் துரு அங்கேயே தங்கும்.

பின்சீட்டையும் கவனிக்க வேண்டும். பல ஹைபிரிட்களில் பேட்டரி அதன் அடியில்தான் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் மின்விசிறி, சீட்டின் ஓரத்தில் உள்ள சிறு ஜன்னல் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலின் 22 தீர்த்தமும் ஆடி வருகிறவர்கள் நனைந்த வேட்டி சேலையை எங்கே வைப்பார்கள்? பின்சீட்டில்தான். தனுஷ்கோடியில் குளித்த பிள்ளைகள் மணலோடு ஏறி உட்காருவதும் அங்கேதான். சொட்டும் உப்புத் தண்ணீர், உதிரும் மணல், அந்த ஜன்னலை மறைக்கும் ஈரத் துண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து இருக்கையின் தையலை வடிவமைத்தவர்கள் ஈரத்துணி வைக்க ஓர் இடம் வைக்கவில்லை.

வண்டியைக் கழுவிவிடலாம் என்பீர்கள். எதில் கழுவுவது? தீவிலும் மண்டபம் பக்கத்திலும் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் மாவட்டத்தில் காருக்கு நல்ல தண்ணீர் கேட்பது நியாயமும் இல்லை. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் அடிக்கும் வாட்டர் வாஷ்களால் பலன் பாதிதான்.

மேடையில் காட்டும் கான்செப்ட் கார் வெறும் கனவு, விற்பனைக்கு வரும்போது துத்தநாகம் பூசிய தகடும் நீர்புகாத பேட்டரிப் பெட்டியும் வந்துவிடும் என்று வடிவமைப்பாளர்கள் சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அலுமினியமும் இரும்பும் சந்திக்கும் ஒவ்வோர் இடமும், அடியில் தொங்கும் ஒவ்வொரு இணைப்பும் கனவு கண்ட நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. பிறகு பூச்சு அடிப்பது பழைய ஆயிலை அடியில் தடவும் நம் ஊர் வைத்தியத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இதற்கான அறிவைத் தேடி எங்கும் போக வேண்டாம். காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைத்துத் துருவை அளந்திருக்கிறது. லித்தியம் பேட்டரி ஆய்வும் அதே நிலையத்தில் நடக்கிறது. ஹைபிரிட் காருக்கு வேண்டிய இரண்டு பாடங்களும் ஒரே வளாகத்தில், ராமேஸ்வரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில்.

சொகுசு என்றால் எனக்கு இதுதான்: கேபிள் இணைப்புகள் தரையைப் பார்க்காமல் மேலே இருக்க வேண்டும். மணல் புகாத கைப்பிடி வேண்டும். கண்ணாடிக் கூரைக்குப் பதில் ராமநாதபுரத்து வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை, ஈரத்துணிக்கு வடிகாலோடு ஒரு பெட்டி, துடைத்தால் போகும் இருக்கை. இதைச் செய்தால் கார் அழகு குறையும் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாம்பன் புதுப் பாலம் அழகாகத்தான் இருக்கிறது.

அதுவரை, கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ ஹைபிரிட் வாங்க ஷோரூம் படியேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைலேஜைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். அடிப்பகுதியின் உயர் மின்னழுத்தக் கேபிளுக்குத் துரு உத்தரவாதம் உண்டா? கடலோரப் பயன்பாட்டை அதிலிருந்து விலக்கியிருக்கிறார்களா? பேட்டரி விசிறியின் வடிகட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? பதிலை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.