டெபியன் சமூகத்தில் யாருக்கு இடம்?

ஒரு நிறுவனத்தில் யாரைப் பணியில் சேர்ப்பது, சேர்ந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்வது என்பவற்றை உரிமையாளரும் தொழிலாளர் சட்டமும் மனிதவளத் துறையும் தீர்மானிக்கின்றன. ஊதியம் ஏதுமின்றி, விருப்பத்தின் பேரில், பல நாடுகளில் இருந்தபடி ஒரே மென்பொருளை உருவாக்கும் தன்னார்வலர்களிடையே அந்த அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பது அவ்வளவு எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அன்று. பாலினம், இனம், மொழி, நாடு, உடல்நிலை ஆகியவற்றால் வேறுபட்டவர்கள் ஓர் அமைப்பில் இடம்பெறுவதைப் பன்மைத்துவம் என்றும், இடம்பெற்றவர்கள் அச்சமின்றிப் பேசவும் முடிவெடுப்பதில் பங்கேற்கவும் வழி செய்வதை உள்ளடக்குதல் என்றும் குறிப்பிடுகின்றனர். கட்டற்ற மென்பொருள் உலகில், அதாவது எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்களை உருவாக்குவோரிடையே, இவ்விரண்டையும் பற்றிய விவாதம் இருபது ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவருகிறது. அதன் போக்கை மிகத் தெளிவாகக் காணத்தக்க இடம் டெபியன்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், லினக்ஸ் கருவை மையமாகக் கொண்ட ஓர் இயங்குதளம். 60,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகளைக் கொண்ட இது, உலகெங்கும் எண்ணற்ற வழங்கிக் கணினிகளில் இயங்குவதோடு, பலரும் அறிந்த உபுண்டுவுக்கும் அடித்தளமாக விளங்குகிறது. இத்தனை பெரிய பணியைத் தாங்குபவர்கள் வாக்குரிமை பெற்ற ஏறத்தாழ 1,000 உறுப்பினர்களும், அவர்களைச் சூழ்ந்துள்ள பிற பங்களிப்பாளர்களும்தாம். ஆண்டுதோறும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் இவர்கள், பெரும் சிக்கல்கள் எழும்போது பொதுத் தீர்மானம் என்ற பெயரில் அனைத்து உறுப்பினர்களிடமும் வாக்கெடுப்பு நடத்துகின்றனர். எனவே இச்சமூகத்தின் மனப்போக்கு மாறிவந்த விதம் தேதியோடும் முடிவோடும் பதிவாகியிருக்கிறது.

விவாதம் எழுந்ததற்கான காரணத்தைச் சில எண்களே உணர்த்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, வணிக மென்பொருள் துறையில் ஏறத்தாழ 28 விழுக்காடாக இருந்த பெண்களின் பங்கு, கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் 1.5 விழுக்காடாகவே இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பெண்களுக்குக் கணினியில் நாட்டமில்லை என்ற பழைய விளக்கம் இந்த இடைவெளியின் முன் நிற்காது. அதே ஆண்டில் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் கீழ் க்னோம் என்னும் திரைமுகப்புத் திட்டத்திற்கு வந்த ஏறத்தாழ 200 விண்ணப்பங்களுள் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை; பெண்களுக்கெனத் தனியே உதவித்தொகை அறிவித்தவுடன் 100க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அந்த முயற்சியே பின்னர் அவுட்ரீச்சி என்ற பெயரில், வாய்ப்புக் குறைந்த பிரிவினருக்கு ஊதியத்துடன் பயிற்சி தரும் திட்டமாக வளர்ந்தது. இங்கு ஊதியம் என்பது சிறிய விஷயம் அன்று. தன்னார்வப் பணிக்கு முதல் தேவை ஓய்வு நேரம். அலுவலகம் முடிந்து வீடு திரும்பியபின் சமையலும் குழந்தை வளர்ப்பும் காத்திருக்கும் ஒருவரிடம், விரும்பினால் வரலாமே என்று சொல்வது அழைப்பாகாது.

இத்தகைய முயற்சிகளை எதிர்ப்பவர்களின் வாதத்தை மரியாதையுடன் கேட்பது அவசியம். எழுதியவர் யார் என்று பாராமல், எழுதிய நிரல் சரியாக இயங்குகிறதா என்று மட்டுமே பார்ப்பதுதான் இச்சமூகங்களின் சிறப்பு என்றும், பட்டமோ பதவியோ இல்லாத ஓர் இளைஞனின் திருத்தத்தைப் பேராசிரியரின் திருத்தத்திற்குச் சமமாக வைத்துப் பார்த்த அந்த வழக்கத்தைப் பிறப்பு அடையாளங்களைக் கணக்கிடும் முறை கெடுத்துவிடும் என்றும் அவர்கள் அஞ்சுகின்றனர். 2018இல் எல்எல்விஎம் என்ற நிரல்தொகுப்பிச் சமூகத்தின் முதன்மைப் பங்களிப்பாளர் ஒருவர், நடத்தை விதிகளையும் அவுட்ரீச்சியுடனான தொடர்பையும் ஏற்க இயலாது என்று கூறி விலகியது இந்த அச்சத்தின் வெளிப்பாடே. எனினும் திறமை மட்டுமே பார்க்கப்படுகிறது என்ற நம்பிக்கை சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று. கிட்ஹப் தளத்தில் அனுப்பப்பட்ட நிரல் திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், பெண்களின் திருத்தங்கள் 78.6 விழுக்காடும் ஆண்களின் திருத்தங்கள் 74.6 விழுக்காடும் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்திற்குப் புதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுள் பெயராலோ படத்தாலோ பெண் என்று அடையாளம் தெரிந்தவர்களைப் பார்த்தபோது, அந்த முன்னிலை மறைந்து பின்னடைவாக மாறியிருந்தது. நிரலை மட்டுமே பார்க்கிறோம் என்று மனமார நம்புகிறவர்களின் கண்ணிலும் பெயர் படவே செய்கிறது.

2004இல் தோன்றிய டெபியன் பெண்கள் குழு இந்த உரையாடலைச் சமூகத்தின் உள்ளே கொண்டுவந்தது. அதன்பின் வந்த தீர்மானங்களுள் அதிகம் பேசப்படுவது 2012இல் நிறைவேறிய பன்மைத்துவ அறிக்கை. ஒருவர் தம்மை எவ்வாறு அடையாளப்படுத்திக்கொண்டாலும், பிறர் அவரை எவ்வாறு கண்டாலும், ஆக்கபூர்வமாகப் பழகும்வரை அவருக்கு வரவேற்பு உண்டு என்பது அதன் சாரம். ஆயினும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2010இல், ஆரவாரமின்றி நிறைவேறிய மற்றொரு தீர்மானமே அதனினும் ஆழமானது என்று சொல்லத் தோன்றுகிறது. மென்பொருளைப் பொதியாக்காமல் ஆவணம் எழுதுவோர், மொழிபெயர்ப்போர், வடிவமைப்போர் ஆகியோரும் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினர்களாகலாம் என்று அது உறுதிசெய்தது. டெபியனை நிறுவும்போது தொடக்கத்திலேயே மொழிகளின் பட்டியல் தோன்றுகிறது. அதில் தமிழும் இருக்கிறது. அதைத் தேர்ந்தால் வட்டைப் பிரிப்பது, கடவுச்சொல் அமைப்பது போன்றவை பற்றிய கேள்விகள் தமிழில் வருகின்றன. அந்த வரிகளை எழுதியவர் நிரல் எழுதியவருக்கு நிகரான பங்களிப்பாளர் என்று ஏற்பதும் உள்ளடக்குதலின் ஒரு பகுதிதான். எது பணி என்ற வரையறை விரியும்போது, யார் உறுப்பினர் என்ற எல்லையும் தானே விரிகிறது.

உறுப்பினராகும் நடைமுறையையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். விண்ணப்பிப்பவர் தமக்கெனக் கணினியில் ஒரு மறையாக்கத் திறவியை உருவாக்கி, ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்களை நேரில் சந்தித்து, வழக்கமாகக் கடவுச்சீட்டு போன்ற ஆவணத்தைக் காட்டி, திறவியில் உள்ள பெயர் தம்முடையதுதான் என்று அவர்களின் மின்கையொப்பத்தைப் பெறுவது நெடுங்கால வழக்கம். மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. எவரையும் விலக்கும் நோக்கம் இதில் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் நிறைந்த பெர்லினில் வாழ்பவருக்கு ஒரு மாலை நேரச் சந்திப்பில் முடியும் வேலை, உறுப்பினர் எவருமே இல்லாத ஊரில் வாழ்பவருக்கு நெடும்பயணமாகிறது. பாலின மாற்றத்திற்குப் பின் தாம் ஏற்ற பெயரும் அரசு ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தாத திருநருக்கோ அது தம் கடந்த காலத்தை அந்நியரிடம் விளக்க வேண்டிய நெருக்கடியாகிறது. எவரும் தீங்கு நினையாமலே ஒரு விதி சிலருக்கு மட்டும் சுவராகிவிட முடியும்.

2014இல் டெபியன் நடத்தை விதிகளையும் வாக்கெடுப்பில் ஏற்றது. பிறரை மதிப்பது, நல்லெண்ணம் இருப்பதாகக் கருதித் தொடங்குவது, சுருக்கமாக எழுதுவது போன்றவை அதில் உள்ளன. பங்களிப்பாளர் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று என்பதையும் அது நினைவூட்டுகிறது. 2018 செப்டம்பரில் லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்காக வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் ஒதுங்கியதையும், லினக்ஸ் கருத் திட்டம் புதிய நடத்தை விதிகளை ஏற்றதையும் உலகமே பேசியது. அப்போது டெபியன் அவ்வழியில் நான்காண்டுகள் நடந்திருந்தது. அந்த அனுபவம் காட்டிய கடினமான உண்மை, விதியை எழுதுவதைவிட அதை மீறியவர் மீது நடவடிக்கை எடுப்பதே சமூகத்தைப் பிளக்கும் என்பதாகும். முறையிட்டவரைக் காக்க மறைவு தேவை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நீதி கிடைக்க வெளிப்படைத்தன்மை தேவை. இரண்டும் நியாயமானவை, இரண்டும் மோதுபவை.

2021இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன், சர்ச்சையால் தாம் விலகியிருந்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிற்குத் திரும்பியபோது, அதைக் கண்டிப்பதா ஆதரிப்பதா என்று டெபியன் வாக்கெடுத்தது. அமைப்பாக எந்த அறிக்கையும் வெளியிடுவதில்லை என்ற தெரிவே வென்றது. அப்போது பொதுத் தீர்மானங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயருடன் வெளியிடப்பட்டது. அதனால் வாக்களிக்கவே தயங்குவதாக உறுப்பினர் சிலர் கூறியதைத் தொடர்ந்து, வாக்கை இரகசியமாக்கும் தீர்மானம் 2022இல் நிறைவேறியது. கருத்தைச் சொன்னால் துன்புறுத்தப்படலாம் என்ற அச்சம் விவாதத்தின் இரு பக்கத்தாருக்கும் பொதுவானது. அதைத் தணித்த இந்த மாற்றம், பன்மைத்துவம் என்ற சொல்லே இடம்பெறாத ஓர் உள்ளடக்க நடவடிக்கை.

கேரளத்தைச் சேர்ந்த ஸ்ருதி சந்திரன் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் டெபியன் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, பன்மைத்துவம் பற்றிய பேச்சை உயிர்ப்புடன் வைத்திருப்பதே தம் நோக்கங்களுள் முதன்மையானது என்று அறிவித்தார். அத்தேர்தல்களில் அவர் வெல்லவில்லை. ஆனால் 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு முதன்முறையாக இந்தியாவில், கொச்சியில் கூடியது. அதை ஏற்பாடு செய்த குழுவில் அவரும் முன்னின்றார். திறவியில் கையொப்பம் பெற விரும்பிய தென்னிந்தியத் தன்னார்வலர்களுக்கு, அந்த வாரம் கையொப்பமிடக்கூடியவர்கள் பலர் இரயில் பயணத் தொலைவில் இருந்தார்கள்.